பதினொன்றாம் கிடங்கில் ஒரு மரப்பெட்டி

மார்ச் 3

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற அளவுக்கு நமக்குள் இப்போது சுமுகம் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன் செய்தால் கட் பண்ணுகிறாய். மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுக் கம்மென்று இருக்கிறாய். ஆனால் இங்கே கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல் பேப்பர் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. நீ கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றைக் கூரியரில் அனுப்பியாக வேண்டும். உறை போகிற போக்கில் இந்தக் கடிதமும் வருகிறது.

மோட்டார் சைக்கிள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. நான் விமானத்தில் வந்து இறங்கிய பிப்ரவரி 22ஆம் தேதியே வண்டியை அடைத்த பெட்டி பதினொன்றாம் கிடங்குக்கு வந்தாயிற்று. கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அன்றைக்கே என் பாஸ்போர்ட்டில் வண்டியைப் பதிந்து முத்திரை வாங்கிக் கொடுத்தார். இந்த நாட்டில் அதுதான் முறை. வண்டியோடு வந்தவர் வண்டியோடுதான் வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். தொண்ணூறு நாளுக்குள் வெளியே எடுக்காத பெட்டி ஏலத்துக்குப் போய்விடும்.

நான்காம் நாள் சுங்க அதிகாரி பெட்டியில் இரண்டு பலகைகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். சேஸிஸ் நம்பர் சரி. என்ஜின் நம்பர் சரியில்லை. ஏற்றுமதிப் பேப்பரில் கடைசி ஐந்து எண் 21846. என்ஜினில் 30579. "இது உங்க வண்டிதானாம்மா?" என்று ஏஜென்ட் வழியாகக் கேட்டு, என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நம் ஊர் கப்பல் புக்கிங் ஆபீஸில் கண்ணாடிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு ஒரு அம்மா டைப் அடித்தாரே, அவர் வேலைதான் இது. வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு உன் பட்டறைக்கு அனுப்புவதாகச் சொன்னதும் அவர்தான். அதைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

ஏஜென்டுக்கு நான் வைத்திருக்கிற பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் "நாளைக்கு முடிஞ்சிடும் மேடம்" என்கிறார். "எந்த நாளைக்கு?" என்று கேட்டால் சிரிக்கிறார்.

அப்பா எப்படி இருக்கிறார்? இதற்கு மட்டும் பதில் எழுதலாம்.

தங்கை

*

மார்ச் 14

வாலு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இன்சூரன்ஸ் காகிதமும் பூச்சி வராமல் பெட்டி மரத்தைச் சூடுபடுத்தியதற்கான சான்றிதழும் உள்ளே இருக்கின்றன.

பதிவுப் புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. புக்கிங் ஆபீஸில் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

என்ஜின் நம்பரை நீயே பார்த்தாயா, அதிகாரி சொன்னதை வைத்து எழுதினாயா? அது சிலிண்டருக்குக் கீழே இருக்கும். பலகை இடுக்கில் பார்த்தால் மூன்று எட்டு மாதிரித் தெரியும். சும்மா கேட்டேன்.

அப்பா அப்படியேதான். வாதம் இழுத்த வலது கை இன்னும் வரவில்லை. பார்த்துக்கொள்ள வந்த ஆயா வேலையை விட்டுப் போனதிலிருந்து வேறு ஆள் கிடைக்கவில்லை. பட்டறையைக் காலையில் நான்கு மணி நேரம் திறக்கிறேன், மற்ற நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு வராததால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் ஒன்றுமில்லை, வந்து உட்கார் என்று அர்த்தம். இப்போதெல்லாம் மூன்றுதான் அதிகம்.

நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பழைய கேஸ்கெட் துண்டு ஒன்றை அடியில் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் நின்றுவிட்டது.

சாப்பிடுகிறாயா?

அண்ணன்

*

மார்ச் 29

அண்ணா,

உன் இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் நாற்காலி, அரைப் பக்கம் சமாளிப்பு. நான் கேட்ட ஒரே ஒரு புத்தகத்தைக் காணோம். உன் மேல் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் அது பழைய கோபம். இந்தப் புதுக் கோபம் முழுக்க அந்தச் சங்கிலிக் கண்ணாடி அம்மா மேல்.

என் அறை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் வேக்காடு. எதிரே கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கிரேன் ஒன்றைத் தூக்குகிறது, பக்கத்தில் வைக்கிறது, மறுநாள் அதையே தூக்கிப் பழைய இடத்தில் வைக்கிறது. காலை எட்டு மணிக்கு நாளைக்கின் ஆபீஸ் பெஞ்சில் உட்காருகிறேன். பதினோரு மணிக்கு அவர் வருகிறார். "பெரிய அதிகாரி லீவு மேடம்" என்கிறார். திரும்பி நடக்கிறேன். ஊர் சுற்றக் கிளம்பியவள் முப்பத்தைந்து நாளாக ஒரே தெருவில் போய் வந்துகொண்டிருக்கிறேன். டயர் கடைக்காரர் என்னைப் பார்த்துதான் கடிகாரத்தைச் சரிசெய்கிறார் போலிருக்கிறது.

பக்கத்து அறையில் என்னைப் போலவே வண்டியோடு வந்த ஒருவர் இருந்தார். கிளட்ச் பிளேட் பார்சலுக்காகக் காத்திருந்ததால் அவரை கிளட்ச் என்றே கூப்பிடுவேன். பார்சல் இந்த ஊர் வரை வந்ததாம். அவர் அந்தச் சமயம் வங்கியில் நின்றிருந்தாராம். ஆளைக் காணோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கிளம்பி இப்போது வேறு ஏதோ துறைமுகத்தில் ஓய்வெடுக்கிறது. போன வாரம் வண்டியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "கையெழுத்துப் போட்டதும் பசிக்க ஆரம்பிச்சுதும்மா" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கிடங்கின் கம்பிவலைக்கு வெளியே நின்று பெட்டியைப் பார்க்க விடுகிறார்கள். பத்தடி தூரம்தான். நீ கறுப்பு பெயின்டில் போட்ட அம்புக்குறி தெரிகிறது, இந்தப் பக்கம் மேலே என்று. பேசிக்கொள்ளாத நாட்களிலும் அம்பை எவ்வளவு நேராகப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்து அழுதேன், பிறகு காவலாளி பார்க்கிறார் என்று நிறுத்தினேன்.

சரி. புக்கிங் ஆபீஸ் மேலதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டேன். தப்பாக டைப் அடித்தது, அசல் புத்தகத்தைத் தொலைத்தது, இரண்டையும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவை வேலையை விட்டு அனுப்பாமல் விடமாட்டேன். நகல் இத்துடன். நீயும் நேரில் போய் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு.

தங்கை

*

ஏப்ரல் 9

வாலு,

உன் புகாரின் நகலை எடுத்துக்கொண்டு புக்கிங் ஆபீஸுக்குப் போனேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மேலதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தாராம். "நான் மூணு தடவை சரிபார்த்துத்தான் சார் அடிச்சேன். புத்தகத்தை உங்க கையிலதான கொடுத்தேன்? நீங்களாவது சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் இப்போது சொல்கிறேன்.

பதிவுப் புத்தகம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பிப்ரவரியிலிருந்தே இருக்கிறது. அதில் 21846 என்றுதான் போட்டிருக்கிறது. அந்த அம்மா சரியாகத்தான் அடித்தார். தப்பு என்ஜினில் இருக்கிறது.

30579 என் வண்டி என்ஜின்.

பெட்டி அடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால், பெட்ரோலை வடிப்பதற்குமுன் உன் வண்டியைக் கடைசியாக ஒருமுறை ஸ்டார்ட் செய்தேன். அடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம். கிராங்க் பேரிங் போய்விட்டது. ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும், அதற்கு மேல் என்ஜின் இறுகிக்கொள்ளும். புது பேரிங் வர மூன்று வாரம். கப்பல் வெள்ளிக்கிழமை. நீ அப்போது சண்டை போட்டுக்கொண்டு உன் சிநேகிதி வீட்டில் இருந்தாய். இரண்டு பேரும் போவதாக இருந்த பயணத்திலிருந்து நான் பின்வாங்கியதற்கு, அப்பாவைச் சாக்கு வைத்துக்கொண்டு ஒளிகிற பயந்தாங்கொள்ளி என்றாய். பேரிங் போய்விட்டது என்று நான் சொன்னால் உன்னைத் தடுக்கக் கதை கட்டுகிறேன் என்பாய். அதனால் என் வண்டியிலிருந்து என்ஜினை இறக்கி உன் வண்டியில் ஏற்றிப் பெட்டியை ஆணியடித்து மூடினேன். நம் பட்டறையில் இதெல்லாம் சாதாரணம். என்ஜின் நம்பரை யாராவது குனிந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே ஏற்றும்போதும் சேஸிஸ் நம்பரை மட்டும்தான் பார்த்தார்கள்.

இது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

சத்தத்தைக் கேட்ட முதல் இரண்டு நாள் நான் ஸ்பேனரைத் தொடவில்லை. போகட்டும், ஆயிரம் கிலோமீட்டரில் நிற்கட்டும், திமிர் அடங்கித் திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அதை நினைத்தேன். மூன்றாம் நாள் ஆளரவமில்லாத ரோட்டில் நீ வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது போலத் தோன்றியது. அப்புறம்தான் இறக்கினேன்.

இன்னொன்று. உன் முதல் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதாததற்குப் பயம் ஒரு காரணம். ஆனால் நீயும் ஒரு அறையில் அடைபட்டுக் கிடக்கிறாய் என்று படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் மட்டும் இல்லை, அவளும்தான் என்று. உனக்கு அங்கே அந்த ஏஜென்ட், எனக்கு இங்கே டம்ளர் சத்தம். துணை கிடைத்த மாதிரி இருந்தது. கேவலம்தான். அதை அனுபவித்துக்கொண்டே ஒரு மாதம் புத்தகத்தை டிராயரில் வைத்திருந்தேன்.

புத்தகம் இத்துடன் இருக்கிறது. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 20

ஐம்பத்தேழு நாள்.

கடிதத்தைக் கிழித்தேன், பிறகு உட்கார்ந்து ஒட்டினேன், ஏனென்றால் அதிகாரியிடம் காட்ட வேண்டியிருந்தது. என்ஜினை மாற்றியது என் அண்ணன்தான் என்பதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை. ஏஜென்ட் நாளைக்கு அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். கேவலம்தான் என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் போட்டுவிட்டேன். செய்யாத தப்புக்கு ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன், உன் டிராயரால்.

என்ஜினை மாற்றியதற்கு நான் கோபப்படவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், அது நிஜம். டிராயருக்குத்தான் கோபம். நான் இந்த ஊர் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்தபோது, நீ அதில் குளிர் காய்ந்திருக்கிறாய். பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு வருத்தப்பட்டு நாலு தடவை மன்னிப்பு எழுதி எழுதி அடித்தேன். இனி எழுத மாட்டேன்.

அதிகாரி சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் மாற்றத்தை நம் ஊர் பதிவு அலுவலகத்தில் முறைப்படி ஏற்ற வேண்டுமாம். என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் பதிவை ரத்து செய்து, அது ஓடாத வண்டி என்று சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அதாவது உன் வண்டி. சேஸிஸும் நாமிரண்டு பேரும் சேர்ந்து வெல்டிங் வைத்த பின்பெட்டியும் காயலான் கடைக்கு.

அதை நான் கேட்க மாட்டேன். நீ செய்யவும் வேண்டாம். தொண்ணூறு நாள் மே 23இல் முடிகிறது. அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். கிளட்ச் சொன்னது போலப் பசி எடுக்கிறதா பார்ப்போம்.

*

மே 2

வாலு,

கையெழுத்துப் போட்டுவிடாதே. முதலில் உறையில் இருப்பதைப் பார்.

பச்சைத் தாள் உன் வண்டியில் என்ஜின் மாறியதற்கான பதிவு. வெள்ளைத் தாள் என் வண்டி ரத்தானதற்குச் சான்றிதழ். இரண்டிலும் வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து. எல்லாவற்றிலும் 30579தான். நானே எழுத்துக்கூட்டி மூன்று தடவை பார்த்தேன், பிறகு சங்கிலிக் கண்ணாடி அம்மாவிடம் கொடுத்து அவரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். "இப்பவாவது சரியா இருக்கே" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். அப்பாவை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, என்ஜின் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். கனமே இல்லை. நம்பர் பிளேட்டைக் கழற்றி என் கண்முன்னாலேயே தகரக் கத்திரியால் இரண்டாக வெட்டினார்கள். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் அந்த ஆள், துக்க வீட்டில் கேட்பது போல. ஒன்றுமில்லை என்றேன்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பெரிய மனதுக்காரன் வேஷம் போட விருப்பமில்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆனால், அதற்கப்புறம் நான் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று ஒரு எண்ணம் வைத்திருந்தேன். அதை எண்ணமென்று சொல்லவே கூசுகிறது. அப்பா செத்தால்தான் கிளம்பும் வண்டி அது. பட்டறை மூலையில் அது நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. இப்போது மூலை காலியாக இருக்கிறது. வருத்தமும் இருக்கிறது, அந்தக் கூச்சமும் போய்விட்டது.

ஸ்டார்ட் செய்யும்போது ஒன்று நினைவு வை. என் என்ஜினுக்கு டேப்பெட் கொஞ்சம் தளர்வாக வைத்திருப்பேன். டிக் டிக் என்று சத்தம் வரும். இறுக்கிவிடாதே, அது அப்படித்தான்.

அண்ணன்

*

மே 16

அண்ணா,

நான் கையெழுத்துப் போடவில்லை. வண்டியை எழுதிக் கொடுக்கிற தாளை வாங்கி, பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் நிரப்பி, பேனாவோடு ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். உன் உறை பத்தாம் தேதி வந்தது.

பதிமூன்றாம் தேதி பெட்டியைத் திறந்தார்கள். கடப்பாரை போட்டுப் பிளக்க வந்தவரிடம் பேசி, ஆணிகளை ஒவ்வொன்றாக நானே பிடுங்கினேன். உள்ளே நீ வைத்திருந்த விதத்தைப் பார்த்துக் கிடங்கில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். முன்சக்கரம் பழைய போர்வையில். கண்ணாடிகள் உன் பனியனில். பேட்டரி முனைகளில் ரப்பர். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் அந்தந்த இடத்திலேயே நூலில் கோத்துக் கட்டியிருந்தாய், எது எங்கே என்று நான் திணறக்கூடாது என்பதற்காக. என்னோடு பேசாமல் இருந்த வாரத்தில் செய்த வேலை இது. ஏஜென்ட் நாளைக்கு என்னிடம், "உங்க அண்ணன் ரொம்பக் கோவக்காரரா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சக்கரம் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, கிக்கரை உதைத்தேன். ஏழாவது உதையில் பிடித்தது. டிக் டிக் என்றது. நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பத்து வருஷமாக உனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனவள் நான். அந்தச் சத்தம் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கும். நீ வந்துவிட்டாய் என்றே ஒரு நொடி நினைத்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

அப்புறம் அழுதேன். இந்தத் தடவை காவலாளி பார்த்தாலும் நிறுத்தவில்லை.

டிராயரை நான் மறக்கப்போவதில்லை. அது வேறு கணக்கு. பயந்தாங்கொள்ளி என்றதை நீ மறக்க வேண்டாம், ஆனால் அது பொய். அதைச் சொன்னபோதே எனக்குத் தெரியும். அப்பா அருகே உட்கார எனக்குத்தான் பயம். தட்டுகிற சத்தத்திலிருந்து ஓடிவந்தவள் நான். ஓடிவந்து எண்பது நாள் ஒரே தெருவில் நடந்தேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. எனக்கு விசாவை மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள். பாதி வழியில் வண்டியை உன்னிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். என் பாஸ்போர்ட்டில் ஏறிய வண்டி, முடியாது என்றார் அதிகாரி. ஆகவே நான் மூன்று மாதமும் ஓட்டுவேன். ஓட்டாமல் திரும்பினால் உன்னை என்னால் பார்க்க முடியாது. ஆகஸ்ட் 20 அன்று இதே பதினொன்றாம் கிடங்கில், இதே பலகைகளில் வண்டியை நானே அடைத்து அனுப்புவேன். அம்புக்குறியை உன் அளவு நேராகப் போட வராது.

வண்டி வந்து சேர்ந்ததும் நீ எடுத்துக்கொள். என்ஜின் உன்னுடையது, மற்றது என்னுடையது, பேப்பரில் எல்லாம் சரியாக இருக்கிறது. நாற்காலியை எனக்குக் கொடு. அப்பா இருக்கும்போதே நீ கிளம்ப வேண்டும்.

தங்கை

*

மே 28

வாலு,

ஐநூறு கிலோமீட்டர் ஆனதும் ஆயில் மாற்று. செயினை ஒரு விரல் தளர்வாக வை.

நீ எழுதிய தேதியை நான் நம்பவில்லை. கப்பல் கம்பெனி, சுங்கம், நீ, இந்த மூன்றில் ஒன்று சொன்ன தேதியில் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆகஸ்ட் என்றால் அக்டோபர் என்று வைத்துக்கொள்கிறேன். வராமலேயும் போகலாம். அதனால் காலண்டரில் எதையும் குறிக்கவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன், அவர் செத்தால்தான் கிளம்பும் வண்டி என்று நான் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன். வாயை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தார். பிறகு டம்ளரை எடுத்துக் கட்டிலை மூன்று தடவை தட்டினார். பக்கத்தில்தானே இருக்கிறேன் என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி மூன்று தட்டினார், அலமாரியைப் பார்த்துக்கொண்டு. அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். மாத்திரைக்கும் அதே தலையாட்டல், துண்டுக்கும் அதே தலையாட்டல். அடியில் இருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அது போன வருஷமே காலாவதியாகியிருந்தது. இன்று காலை புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணன்